பழைய மோட்டார் வண்டியும் பழுதுற்ற இயந்திரமும்

பழைய மோட்டார் வண்டி வாங்குதலைப்பற்றி எழுதப்புகுந்த யான், வண்டியோட்டத் தெரியாதவன் என்பதை முதற்கண் சொல்லிவிடுதல் நன்று. தொல்காப்பியமும் நன்னூலும் பயில்வோனுக்குப் பிஸ்டனொடும் பேரிங்கொடும் என்ன உறவென்று வகுப்புத் தோழர் நகைத்தனர். அவ்வுறவு என் சித்தப்பாவின் வழியாக வந்தது. 2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஆழ்வார்திருநகரிக்கு அப்பால் ஆற்றுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் ஓடாது கிடந்த பழைய ஹெரால்டு வண்டியொன்றை அவர் வாங்க முற்பட்டார். உடன்சென்று கைவிளக்குப் பிடிக்கும் பணி எனக்கு வாய்த்தது. விளக்குப் பிடித்தவன் கண்டதும், எம்முடன் வந்த மெக்கானிக் அண்ணாச்சி விளக்கியதும், பின்னர் யானே தேடிப் படித்து அறிந்ததும் இக்கட்டுரையின் பொருளாம்.

பணத்தைப்பற்றியும் ஒரு சொல். சித்தப்பாவின் கையிலிருந்தது வீட்டுக் கூரைக்கென்று சேர்த்த பணம். பாளையங்கோட்டையில் அவர் வாழும் ஓட்டுவீடு, ஐப்பசி மழை தொடங்கியதும் மூன்றிடத்தில் ஒழுகும். ஒழுகுமிடங்களில் வைக்கும் பாத்திரங்களுக்குச் சித்தி தனித்தனிப் பெயரே இட்டிருக்கிறார். எனவே, வண்டி வாங்கும் செய்தி அவ்வீட்டில் எத்தகைய வரவேற்பைப் பெற்றிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

'ஸ்போர்ட்ஸ் கார்' என்று வழங்கும் விரைவு வண்டி தாமிரபரணிக் கரையில் விளைந்த பயிரன்று. விடுதலைக்குப்பின் பல்லாண்டுகள் அயல்நாட்டு வண்டிகளைத் தருவித்தல் கடுங்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தமையின், நடுத்தர வகுப்பினர்க்குக் கிடைத்தவை அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்னும் மூன்றினங்களே எனலாம். இவற்றுள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் தமிழ்நாட்டிலேயே, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில், 1961 முதல் செய்யப்பட்டது. அதன் தாய்வண்டியாகிய டிரயம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்திலுள்ள காவென்ட்ரி நகரில் வெளிவந்தது. வடிவு சமைத்தவர் மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். 1962-இல் அந்நிறுவனத்தார் அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கெலாட்டியைக்கொண்டு இருவர் அமரும் திறந்த வண்டியொன்றைச் செய்வித்தனர். அதுவே ஸ்பிட்பயர் எனப் பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே நம்மூர் ஆசிரியர்களும் வக்கீல்களும் குடைபிடித்து ஏறியிறங்கிய ஹெரால்டு, அயல்நாட்டு விரைவு வண்டியொன்றின் உடன்பிறப்பாகும். சித்தப்பாவுக்கு இம்முறை மிக முக்கியம். சித்தியிடம் பேசுங்கால் அதனைக் குடும்பவண்டி என்பார். நண்பரிடம் பேசுங்கால் ஸ்போர்ட்ஸ் கார் என்பார்.

அவர் கூற்றுக்கு ஆதாரமும் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போரின்போது அமைத்த விமானத்தளம் பின்னர் மோட்டார்ப் பந்தயக் களமாயிற்று. பந்தயத்துக்கெனச் செய்த வண்டிகள் அரியவாயிருந்த அந்நாளில், அங்கு ஓடியவற்றுட் பல, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சென்றுவந்த பியட்டும் ஹெரால்டுமே. இயந்திரத்தைச் சற்றே திருத்தி, பின்னிருக்கையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் களத்துக்கு வருவராம். சித்தப்பா சென்னையிற் பயின்ற நாளில் அங்கே வேலியோரம் நின்று பார்த்தவர். அன்று கண்ட காட்சியே நாற்பதாண்டு கழித்துக் கூரைப்பணத்தின்மீது கண்வைத்தது.

பழுதுற்ற வண்டியை ஒருவர் ஏன் விரும்பி வாங்குதல் வேண்டும்? விலை குறைவு என்பது ஒரு விடை. பிரித்துப் பார்க்கும் ஆசை என்பது மற்றொன்று. யான் கண்டவரையில் இரண்டாவதே உண்மையான விடை. கோவையில் 1893-இற் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் வெள்ளைக்காரர் ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்தார். உணவு விடுதியில் வேலைசெய்து காசு சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியவர் முதலிற் செய்தது ஏறி ஓட்டியதன்று. ஆணி ஆணியாகக் கழற்றி மீண்டும் பூட்டியதே. 1920-இற் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே அவர் தொடங்கிய பஸ் போக்குவரத்து அக்கழற்றலிலிருந்து பிறந்தது எனின் மிகையாகாது. நம் நாட்டவரையும் மறத்தல் தகாது. 1877-இல் நம் மாவட்டத்துத் திருக்குறுங்குடியிற் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். உலகப்போர்க் காலத்திற் பெட்ரோல் அருகியபோது கரியை எரித்தெடுக்கும் வாயுவால் வண்டியோட்டும் கருவியைச் செய்து பஸ்களை நில்லாது ஓடச்செய்தது அவர் நிறுவனம். உள்ளதைக்கொண்டு ஓட்டும் கலை நமக்குப் புதிதன்று.

நிற்க. நாங்கள் பார்க்கச் சென்ற வண்டியின் வரலாறு பின்வருமாறு. 1969-இல் ஓர் ஆசிரியர் புதிதாக வாங்கியது. முப்பதாண்டுக்கு மேல் அவரே ஓட்டினார். பின்னர்க் கண்பார்வை குன்றியதாற் கொட்டகையில் நிறுத்தினார். அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆயின. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளிற் பெய்த பெருமழையை நம் வாசகருக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பிரயாணிகளுடன் ரயில்வண்டி நின்றுவிட்டது. எட்டு அணைக்கட்டுகளுள் இறுதியதாகிய ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்த வெள்ளம், கரையோரத்து வாழைத்தோட்டங்களை மூடிக்கொண்டு அவ்வூரினுள்ளும் புகுந்தது. கொட்டகைச் சுவரில் வண்டற்கோடு ஒன்று, வண்டிக்கதவின் கைப்பிடி மட்டத்தில், கயிறு பிடித்து இழுத்தாற்போல் நேராக இருந்தது.

வெள்ளம் வடிந்து சில நாட்களுக்குப்பின் அயல்வீட்டு இளைஞர் ஒருவர், உதவும் எண்ணத்தோடு, வேறொரு வண்டியின் பாட்டரியைக் கொணர்ந்து பூட்டிச் சாவியைத் திருப்பினாராம். 'டங்' என்றொரு சத்தம். அதன்பின் இயந்திரம் அசையவில்லை. இதுவே விற்பனைக்கு வந்த வண்டியின் குறை. ஆசிரியரின் மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில், “எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது, அதற்கேற்ற விலை சொல்லுங்கள்” என்றார். கேட்ட விலை 80,000 ரூபாய்.

அந்தச் சத்தத்தின் காரணத்தை அண்ணாச்சி கொட்டகைத் திண்ணையிலிருந்தே விளக்கினார். சிலிண்டர் என்பது ஒரு குழல். அதனுள்ளே பிஸ்டன் மேலுங்கீழும் இயங்குகின்றது. மேலேறும்போது அது காற்றையும் பெட்ரோல் ஆவியையும் அழுத்திச் சுருக்குகின்றது. காற்றுச் சுருங்கும், நீர் சுருங்காது. குழலினுள் நீர் நிற்கையில் மோட்டாரைக்கொண்டு இயந்திரத்தைச் சுழற்றின், மேலேறும் பிஸ்டன் நீரில் முட்டி நிற்கும். நில்லாத சுழற்சியோ அதனை மேலே தள்ளும். இரண்டுக்கும் இடையே அகப்பட்ட கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தில் மூழ்கிய எந்த வண்டிக்கும், அது புதிய மாருதியேயாயினும், முதல் விதி சாவியைத் தொடாதிருத்தல். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றும் வரையில் அதனை உறங்கவிடுக. 2023-இன் வெள்ளத்துக்குப்பின் இவ்விதியை அறியாமையால் எத்தனை வண்டிகள் கெட்டன என்று அண்ணாச்சி பெருமூச்செறிந்தார்.

ஹெரால்டின் முன்மூடி, முதலையின் வாய்போல், முன்பக்கத்துக் கீலில் முழுவதும் திறந்து கவிழும். சக்கரத்தின் மேலேயே அமர்ந்து இயந்திரத்தை நாற்புறமும் தொடலாம். பழுதுபார்ப்போருக்கு இதனினும் இனிய வண்டி அரிது. அதனுள்ளிருப்பது நான்கு சிலிண்டர்களும் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய சிறு இயந்திரம். குழலின் விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டன் செல்லும் தொலைவு 76 மில்லிமீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 35 குதிரைத்திறன். இக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் சில இதனை விஞ்சும்.

அண்ணாச்சி முதலில் எண்ணெயளவு பார்க்கும் கம்பியை உருவினார். எண்ணெய் கருமையாயின்றி, வெயிலில் வைத்த மோர்போல் வெளுத்துத் திரண்டிருந்தது; நீர் கலந்தமைக்கு அடையாளம். ஓடும் வண்டியில் இவ்வாறு கண்டால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடைப்பட்ட கேஸ்கட் கிழிந்ததென்றோ வார்ப்பில் விரிசல் உண்டென்றோ ஐயுறுதல் வேண்டும். இங்கே ஆறே குற்றவாளி. அடுத்து நான்கு பிளக்குகளையும் கழற்றினார். மூன்றாவது துளையில் கம்பியில் துணி சுற்றி விட்டெடுத்தபோது, தாமிரபரணியின் செவ்வண்டல் துணியில் ஒட்டிவந்தது. நான்கு துளைகளிலும் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினார். “ஒரு வாரம் ஊறட்டும் சார். இப்பவே நெம்புனா இருக்கிறதும் ஒடஞ்சிரும்” என்று சொல்லி எழுந்தார். அன்றைய ஆய்வு அவ்வளவே. வாங்குவோரின் பொறுமை முதலிற் சோதிக்கப்படுவது இங்கேதான். அன்றைக்கே பேரம் முடித்துப் போகத் துடித்த சித்தப்பா, வழிநெடுகப் பேசாது வந்தார்.

அடுத்த வாரம், முன்பக்கக் கப்பியின் போல்ட்டில் நீண்ட ஸ்பானரை மாட்டி, அண்ணாச்சி மெல்ல அழுத்தினார். முதலில் அசைவில்லை. சற்று முன்னும் சற்றுப் பின்னுமாகப் பலமுறை நெருடியபின், முனகியதுபோல் ஒரு சத்தம்; இயந்திரம் திரும்பிற்று. இறுகியது துருவேயன்றி முறிவன்று. சித்தப்பாவின் முகத்தை யான் அப்போது பார்த்தேன், விளக்கொளி வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் 'டங்' என்ற சத்தத்துக்கு விடை வேண்டுமன்றோ? அண்ணாச்சி ஒரு பழைய சைக்கிள் கம்பியை எடுத்தார். நான்கு பிஸ்டன்களுள் முதலதும் நான்காவதும் ஒருங்கே உச்சியை அடையும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒருங்கே அடையும். ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொணர்ந்து, பிளக் துளைவழியே கம்பியை விட்டு, அது எவ்வளவு உட்செல்கிறதென்று நகத்தாற் குறித்தார். மூன்று துளைகளிலும் குறி ஒன்றாயிருந்தது. மூன்றாம் சிலிண்டரில் மட்டும் கம்பி ஏறத்தாழ ஒரு காசின் தடிப்பளவு கூடுதலாக இறங்கிற்று. ராடு வளைந்து குறுகியதால் பிஸ்டன் உச்சியை எட்டவில்லை என்பது பொருள். இது நுட்பமான அளவையன்று. பிரித்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று சுட்டும் அளவையே. எனினும், ஆயிரக்கணக்கான ரூபாய்ச் செலவை ஒரு துருப்பிடித்த சைக்கிள் கம்பி முன்னறிவித்ததைக் கண்டு வியந்தேன்.

இவ்வினத்து இயந்திரங்களுக்கே உரிய மற்றொரு நோயும் உண்டு. ஹெரால்டுக்கும் ஸ்பிட்பயருக்கும் பொது. கிராங்க் என்னும் சுழல்தண்டு முன்பின்னாக நகராதபடி, அதன் பின்புறப் பேரிங்கின் இருபக்கத்தும் திரஸ்ட் வாஷர் எனும் அரைவட்டத் தகடுகள் உள்ளன. கிளச்சை மிதிக்குந்தோறும் தண்டு முன்னோக்கித் தள்ளப்படும். அவ்விசையை ஏற்று இத்தகடுகள் நாளடைவில் தேயும். மிகத் தேய்ந்தால் நழுவிக் கீழே எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும்; பின்னர்த் தண்டு பிளாக்கின் இரும்பையே அரைக்கும். பிளாக் கெட்டபின் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. ஓடும் வண்டியாயின், ஒருவர் கிளச்சை மிதிக்க மற்றொருவர் முன்பக்கக் கப்பியைப் பார்த்தாற் போதும். கப்பி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே வந்தால் வாஷர் போயிற்றென அறிக. எங்கள் வண்டியின் கிளச்சு இயங்காமையால், அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரால் கப்பியை நெம்பிப் பார்த்தார். நகர்ந்தது, ஆனால் அரைக்கும் அளவுக்கன்று. மாற்றியே தீரவேண்டும் என்றார்.

ஓடும் நிலையிலுள்ள பழுதுவண்டியைப் பார்ப்போருக்குச் சில அடையாளங்களை விரைந்து சொல்லிவிடுகின்றேன். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியை. இயந்திரம் சூடேறியபின்னும் ஓயாத வெண்புகை நீர் உட்புகுவதை. கம்ப்ரெஷன் அளவுகருவியை வைத்துப் பார்க்கையில் ஒரு சிலிண்டர் தாழ்ந்திருந்தால், அதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்க. அளவு உயருமாயின் பிஸ்டன் ரிங் தேய்ந்தது, உயராதாயின் வால்வில் ஒழுக்கு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருங்கே தாழ்ந்திருப்பின், இடைப்பட்ட கேஸ்கட்டைப் பார்க்க. விற்பவர் நீங்கள் வருமுன்னரே இயந்திரத்தைச் சூடேற்றி வைத்திருந்தால், சற்று உலாவிவிட்டுக் குளிர்ந்தபின் வருக.

இவ்வளவும் இயந்திரத்தைப்பற்றியது. ஆயின் அண்ணாச்சி இயந்திரத்தின்மேற் செலவிட்ட நேரத்தினும், வண்டியின்கீழ் மல்லாந்து படுத்திருந்த நேரமே மிகுதி. இதுவே யான் வாசகருக்கு வற்புறுத்த விரும்பும் செய்தி. வண்டியின் விலை குறைவதற்குக் காரணம் இயந்திரம். வண்டியைக் கொல்வதோ இயந்திரமன்று. இயந்திரம் வார்ப்பிரும்பாலானது, தேய்ந்த குழலை லேத்துப் பட்டறையிற் குடைந்து பெரிதாக்கலாம், ராடு வேறு வாங்கலாம், பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் இவ்வேலை தெரிந்த கைகள் இன்றும் உள்ளன. ஆனால் அடிச்சட்டம் துருவேறி உளுத்துப்போயின், அதன்மேற் பூட்டிய யாவும் வீணாம். இருபருவ மழையும் ஈரமும் உடைய நம் ஆற்றுப்பள்ளத்தாக்கில், அதிலும் கடற்காற்று எட்டும் கீழ்ப்பகுதியில், இரும்பின் ஆயுள் குறுகியது.

ஹெரால்டு பிற்கால வண்டிகளைப்போல் உடலே சட்டமாக அமைந்ததன்று. தனிச்சட்டம் ஒன்றிருக்க, அதன்மேல் உடல் பகுதி பகுதியாகப் போல்ட்டால் முடுக்கப்பட்டது. ஆதலின் ஒரு பகுதி கெட்டால் அதனை மட்டும் கழற்றித் திருத்தலாம். அண்ணாச்சி சிறு சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிவந்தார். நல்லிரும்பு கணீரென்றது, கதவுக்கடியில், நடுச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில் இரண்டு, ஈரப்பலகைபோல் மொத்தென்றன. ஒன்றில் சுத்தியலே உட்சென்றது. “கையிரண்டும் போச்சு, முதுகெலும்பு நல்லாருக்கு” என்று கீழிருந்து குரல் வந்தது. வெளித்தகட்டில் காந்தத்தை ஓட்டிப் பார்த்தபோது பின்சக்கரத்தின் மேல்வளைவில் அது ஒட்டாமல் வழுக்கிற்று. என்றோ ஒருநாள் துருவைப் பட்டியால் அடைத்துச் சாயம் பூசியிருக்கின்றனர்.

இனி, சட்டத்தினும் கடியது தாள். வண்டியின் ஆர்.சி. புத்தகம் வெள்ளத்தில் ஊறிப் பாகுபோல் ஆயிற்று. பதிவு ஆசிரியரின் பெயரிலேயே இருந்தது. புதுப்பிக்கும் காலமும் கடந்துவிட்டது. மகனோ, “பணம் அனுப்புங்கள், தாள்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அவர் வஞ்சகரல்லர், தொலைவிலிருப்போருக்கு எல்லாம் எளிதாகவே தோன்றும். அண்ணாச்சி இதற்கு மட்டும் இணங்கவில்லை. தாளில்லாத வண்டி இரும்பு எடைக்கே பெறும் என்றார். செய்யவேண்டிய முறை இது: காவல் நிலையத்தில் அறிவித்துப் படிவம் 26-இன் மூலம் மறுபடிப் புத்தகம் பெறுதல், உரியவர் மறைந்தமையின் படிவம் 31-இன் மூலம் வாரிசின் பெயருக்கு மாற்றுதல், அதன்பின்னரே படிவம் 29, 30 வழியாக வாங்குவோரின் பெயருக்கு மாற்றுதல். பதினைந்தாண்டு கடந்த வண்டிக்குப் படிவம் 25-இன்படிப் பதிவைப் புதுப்பித்தல் தனி.

மற்றொரு வழியும் உண்டு. முதற்பதிவு பெற்று 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைத் தொல்வண்டிகளெனப் பதியும் விதியை மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்டது. எண்பலகையில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் பொறிக்கப்படும்; புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அத்தகைய வண்டியை நாடோறும் சந்தைக்கு ஓட்டுதல் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றுக்கும், எரிபொருளுக்கும் பராமரிப்புக்குமே வெளியே எடுக்கலாம். மேலும் அடிச்சட்டமோ உடலோ இயந்திரமோ பெரிதும் மாற்றப்படாதிருத்தல் வேண்டும். இதனை அறிந்தபின்தான், பட்டறைக்கு வருவோர் பலரும் சித்தப்பாவுக்கு இலவசமாக வழங்கிவந்த யோசனையின் தீங்கு விளங்கிற்று. பழைய இயந்திரத்தை எறிந்துவிட்டு மாருதி இயந்திரத்தைப் பொருத்துக என்பதே அந்த யோசனை. எளிதும் மலிவுமான வழிதான். ஓட்டுவதற்கு இனிதாகவும் இருக்கலாம். எனினும் அப்போது அது ஹெரால்டன்று. தொல்வண்டியாகப் பதியும் வாய்ப்பும் அன்றே அடைபடும்.

இவ்விடத்திற் சொல்லாது விடத்தகாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. இயந்திரம் திரும்பிய அன்று கொட்டகையில் நாங்கள் மூவர் மட்டுமே இருந்தோம். ஆசிரியரின் மனைவியார் வீட்டினுள்ளிருந்தார். மகனும் தாயும் இயந்திரம் அடியோடு கெட்டதென்றே நம்பி விலை சொல்லியிருந்தனர். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அண்ணாச்சி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா எழுந்து திண்ணைக்குச் சென்று, “அம்மா, எஞ்சின் திரும்புது. ஒரு ராடு வளைஞ்சிருக்கு, மத்தபடி சரி பண்ணிரலாம். நீங்க கேட்ட விலைக்கு மேலயும் போகும்” என்றார். கூரைப்பணத்துக்குப் புறம்பாக ஒரு காசும் அவரிடமில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மையார் சற்று நேரம் கொட்டகையைப் பார்த்திருந்து, மகனோடு பேசிச் சொல்வதாகக் கூறி, எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி தந்தனுப்பினார். அன்றிரவே தொலைபேசி வந்தது. விலை 90,000 ஆயிற்று. அலுவலகத்துக்குத் தாமே வந்து கையொப்பமிடுவதாக அம்மையார் ஏற்றுக்கொண்டார். சொல்லாதிருந்தால் 10,000 ரூபாய் மிஞ்சியிருக்கும் என்று சித்தி இன்றும் கணக்கிடுவதுண்டு. ஆனால் சொல்லியிருக்கக் கூடாதென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

தாள்கள் கைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரையில் பணம் வங்கியிலேயே இருந்தது. பின்னர் லாரியில் ஏற்றி வண்டியை அண்ணாச்சியின் பட்டறைக்குக் கொணர்ந்தோம். பிரித்தபோது, சைக்கிள் கம்பி சொன்னது மெய்யாயிற்று: மூன்றாம் ராடு வில்போலன்றி, உற்றுப் பார்த்தாலே தெரியும் அளவுக்குச் சிறிதாக வளைந்திருந்தது. கம்பி சொல்லாத செய்தியும் ஒன்றுண்டு. நீர் நின்ற அச்சிலிண்டரின் சுவரில் துருவானது அம்மைத்தழும்புபோற் குழிவிட்டிருந்தது. ஒன்றுக்காக நான்கையும் குடைதல் வேண்டும். அதற்கேற்பப் பெரிய பிஸ்டன்களும் வாங்கவேண்டும். குழல்களை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிதாக்கினர். கிராங்கின் எண்ணெய்த் துளைகளிலிருந்து வண்டலைக் கம்பியும் மண்ணெண்ணெயும் கொண்டு வெளியேற்ற எனக்கு இரண்டு நாட்களாயின. இவ்வழிகளில் ஒரு சிட்டிகை மணல் எஞ்சினும் புதுப் பேரிங்கை அது உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். இரட்டைப்பின்னலான அத்துளைகளை ஊதிச் சுத்தஞ்செய்தபோது, ஆற்றின் மணம் பட்டறை முழுதும் வீசிற்று.

பிஸ்டன்கள் வந்துவிட்டன. திரஸ்ட் வாஷர் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். ஸ்பிட்பயரையும் ஹெரால்டையும் பேணுவோர் அங்கே மிகுதியாதலின், இவ்வுறுப்புகளை இன்றும் விற்கின்றனர். சட்டத்தின் இரு கைகளையும் வெட்டிப் புதுத்தகட்டால் வெல்டிங் செய்தாயிற்று. பின்வளைவின் பட்டியைச் சுரண்டியதில் எதிர்பார்த்ததினும் பெரிய ஓட்டை தெரிந்தது. டிங்கரிங்காரர் அதனை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவருகின்றார். செலவு சித்தப்பாவின் முதற்கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது. எவ்வளவென்று யான் கேட்டதில்லை. அவரும் உரக்கச் சொல்லவில்லை.

இதனை எழுதும் இவ்வேளையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. வண்டியின் உடலை மூடியிருந்த பெரிய தார்ப்பாயைச் சென்ற வாரம் சித்தி ஆளனுப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அஃது இப்போது வீட்டுக் கூரையின்மேல் கிடக்கின்றது. வண்டிக்கு அண்ணாச்சி பழைய வாழைத்தார்ச் சாக்குகளைத் தைத்துப் போர்த்தியிருக்கின்றார்.